கடல் நாளும் வாய்தா நாளும்

தங்கச்சிமடத்தில் வீட்டின் முன்னறையையே அலுவலகமாக வைத்துக்கொண்டு, ஜூனியரோ குமாஸ்தாவோ இல்லாமல், 16 ஆண்டுகளாகத் தனியாக வக்கீல் தொழில் நடத்திவருகிறேன். என் வழக்குகளில் ஒரு பகுதி ராமேஸ்வரம் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்திலும் மற்றொரு பகுதி ராமநாதபுரத்தில் உள்ள நீதிமன்றங்களிலும் நடக்கின்றன. இரண்டு ஊர்களுக்கும் நடுவில் பாம்பன் பாலமும் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் சாலையும் இருப்பதால், ஒரே நாளில் இரண்டு இடத்திலும் வேலை வந்துவிட்டால் எங்கே முதலில் நிற்பது என்பதை முந்தைய இரவே முடிவுசெய்தாக வேண்டும். புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகள் என்னிடம் வாதத்தைப் பற்றியும் குறுக்கு விசாரணையைப் பற்றியும்தான் அதிகமாகக் கேட்கிறார்கள். தனியாகத் தொழில் செய்கிறவருக்கு அவற்றுக்கும் முந்தைய வேலை ஒன்று இருக்கிறது. சட்டம் குறிக்கும் நாள்களையும் கட்சிக்காரரின் பிழைப்பு குறிக்கும் நாள்களையும் ஒரே தாளில் எழுதி, ஒன்றை ஒன்று அடித்துவிடாமல் பார்த்துக்கொள்வதே அந்த வேலை. 2025 ஜூன் 24, செவ்வாய்க்கிழமையன்று அது எப்படி நடந்தது என்பதை இங்கே எழுதுகிறேன். கட்சிக்காரர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாள் கணக்கை மட்டும் மாற்றவில்லை.

என் அப்பா நாட்டுப்படகில் தொழில் செய்தவர். கடலுக்குப் போகும் நாள், கரையில் இருக்கும் நாள் என்ற கணக்கு எனக்குச் சட்டப் படிப்புக்கு முன்பே பழக்கமானது. எங்கள் பக்கத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாள்களில் கடலுக்குப் போகும். மற்ற நான்கு நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு உரியவை. திங்களன்று போன விசைப்படகு செவ்வாய் காலையில்தான் கரை திரும்பும். அதில் போனவர் அன்றே நீதிமன்றத்துக்கு வந்துவிட்டாலும், இரவெல்லாம் விழித்த கண்ணோடு கூண்டில் ஏறி, நன்றாகத் தெரிந்த விஷயத்தையே தடுமாறிச் சொல்லுவார். ஆகவே விசைப்படகுத் தொழிலாளிக்கு வாய்தா கேட்கும்போது வெள்ளிக்கிழமையையும், நாட்டுப்படகுத் தொழிலாளிக்குத் திங்கள் அல்லது புதனையும் கேட்பேன். காரணத்தை ஒரே வரியில் சொன்னால் பெரும்பாலான நீதிபதிகள் ஏற்றுக்கொள்கிறார்கள். வேறு மாவட்டத்திலிருந்து மாறுதலாகி வந்த நீதிபதிக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது. அதைச் சொல்ல வேண்டியது நம் கடமை.

ஆண்டுக் கணக்கும் இதே போன்றதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாள்களில் ஆள்கள் கரையில் இருப்பார்கள், ஆனால் மே மாதம் முழுவதும் உரிமையியல் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறை. ஆக, சாட்சி கரையிலும் இருந்து நீதிமன்றமும் திறந்திருக்கும் காலம் ஏப்ரலின் பின்பாதியும் ஜூன் மாதத்தின் முதல் இரண்டு வாரமும்தான். சாட்சியப் பிரமாணப் பத்திரங்கள், கையெழுத்து வேண்டிய வக்காலத்துகள், நேரில் நின்று செய்ய வேண்டிய சமரசங்கள் எல்லாவற்றையும் பிப்ரவரியிலேயே பட்டியலிட்டு, அந்த நான்கு வாரத்துக்குள் முடிக்கப் பார்க்கிறேன். முடியாமல் போனவை ஜூன் கடைசி வாரத்தில் ஒட்டுமொத்தமாக வந்து விழும். அப்படிப்பட்ட வாரத்தின் செவ்வாய்க்கிழமை அது.

திங்கள் இரவு டைரியில் மூன்று வேலைகள் இருந்தன. ராமநாதபுரம் சார்பு நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்கொன்றில் பிரதிவாதியைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். அதே வளாகத்தில் வாகன விபத்து இழப்பீட்டு மனு ஒன்று, எதிர்தரப்புக் காப்பீட்டு நிறுவனத்தின் பதிலுக்காக நின்றது. மூன்றாவது, நீதிமன்றப் பட்டியலில் இல்லாத வேலை. பணமின்றித் திரும்பிய ஒரு காசோலைக்கான அறிவிப்பைத் தபாலில் சேர்க்க வேண்டும். இப்படி வேலைகள் சேரும் இரவில் எனக்கு நானே கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இரண்டுதான். எந்த வேலையை இன்னொரு வக்கீல் எனக்காகச் செய்ய முடியாது? எந்த வேலையைத் தவறவிட்டால் பிறகு சரிசெய்யவே முடியாது? குறுக்கு விசாரணை முதல் கேள்விக்கும், காசோலை அறிவிப்பு இரண்டாம் கேள்விக்கும் விடை. விபத்து வழக்கில் வாய்தா வாங்குவதை ராமநாதபுரத்து நண்பரிடம் ஒப்படைத்தேன். அவருக்கு வாய்மொழியாகச் சொன்னதோடு நிற்காமல், வழக்கு எண், நீதிமன்றம், என்ன கேட்க வேண்டும், எந்தக் கிழமை வேண்டாம் என்பதை நான்கு வரியில் எழுதி அனுப்பினேன். நம் வேலையை ஒருவர் உதவியாகச் செய்யும்போது அவரை யூகிக்க விடக்கூடாது.

மறுநாள் காலை 4.40 மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. கரையில் மீன் விற்கும் அக்கா ஒருவர் அழுதுகொண்டே பேசினார். விசைப்படகின் இழுவலை, நாட்டுப்படகுக்காரர்களின் வலைகளை அறுத்துக்கொண்டு போய்விட்டது என்பதில் தொடங்கிய தகராறு இரவில் கைகலப்பாகி, அவருடைய 22 வயது மகனைக் காவல்துறையினர் அழைத்துப் போயிருந்தார்கள். வலை அறுபடுவது எங்கள் ஊரில் சிறு விஷயமன்று. ஒரு செட்டு வலை போனால் ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு போய்விடும். ஆனால் அந்த நேரத்தில் நான் கேட்டது அதைப் பற்றியன்று. எத்தனை மணிக்கு அழைத்துப் போனார்கள், எந்த நிலையம், கையில் ஏதேனும் காகிதம் கொடுத்தார்களா, யாரிடம் கையெழுத்து வாங்கினார்கள், பையன் உடம்பில் காயம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். இரவு 11.20 என்றார். அந்த நேரத்தை உடனே ஒரு தாளில் எழுதிவைக்கச் சொன்னேன், ஏனென்றால் நடுவர் முன் நிறுத்த வேண்டிய 24 மணி நேரம் அந்தக் கணத்திலிருந்து ஓடத் தொடங்குகிறது. கைதுக்கான காரணத்தை அவனுக்குச் சொல்ல வேண்டும், உறவினருக்குத் தகவல் தர வேண்டும் என்பவை சட்டம் விதித்த கடமைகள், அவற்றைக் கேட்பது குற்றமாகாது என்று விளக்கினேன். எழுதப்படாத தாளில் யாரும் கையெழுத்திட வேண்டாம், விடுவித்துத் தருகிறேன் என்று வருகிறவரிடம் பணம் கொடுக்க வேண்டாம் என்பதையும் சொன்னேன். பயத்தில் இருக்கிறவர் பத்து விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார். ஆகவே இந்த இரண்டை மட்டும் அவரைத் திருப்பிச் சொல்லவைத்த பிறகே தொலைபேசியை வைத்தேன்.

அன்றைய திட்டம் அதோடு மாறியது. ஒருவனுடைய சுதந்திரம் சம்பந்தப்பட்ட வேலை வந்துவிட்டால் சொத்து வழக்கு காத்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு இதுவரை சந்தேகம் எழுந்ததில்லை. ராமநாதபுரத்து நண்பரை ஆறு மணிக்கு அழைத்து, குறுக்கு விசாரணை வழக்கைக் காலையில் அழைக்கும்போது எழுந்து நின்று, உண்மைக் காரணத்தைச் சொல்லி, மதியம்வரை பாஸ்ஓவர், அதாவது அன்றே பிறகு எடுத்துக்கொள்ளும்படி தள்ளிவைப்பு, கேட்கும்படி வேண்டிக்கொண்டேன். எதிர்தரப்பு வக்கீலுக்கும் நானே பேசினேன். அவருடைய சாட்சி காலையிலிருந்து காத்திருக்கப் போகிறார் என்பதால் அவருக்கு முன்கூட்டியே சொல்வது மரியாதை. சிறிய ஊரில் இந்த மரியாதையைக் காப்பாற்றிவைத்தால்தான் நாளை நமக்கு உடம்பு சரியில்லாத நாளில் எதிர்தரப்பு எழுந்து ஆட்சேபிக்காமல் இருக்கும்.

குளித்துத் தயாராவதற்கு முன் காசோலை அறிவிப்பை முடித்தேன். கருவாட்டு வியாபாரம் செய்யும் லாத்தா (முஸ்லிம் அக்கா) ஒருவருக்கு, மொத்த வியாபாரி கொடுத்த 1,80,000 ரூபாய்க் காசோலை பணமின்றித் திரும்பியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் வந்தபோது, அந்த வியாபாரி எத்தனை முறை தவணை சொன்னார், யார் முன்னிலையில் சொன்னார் என்ற கதையை முதலில் சொல்லத் தொடங்கினார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வங்கி கொடுத்த மெமோவை வாங்கிப் பார்த்தேன். அது அவர் கைக்கு வந்த நாள் மே 26. அதை விடுத்து எண்ணினால் ஜூன் 25 அன்று 30 நாள் முடிகிறது. செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் அந்த 30 நாளுக்குள் எழுத்து மூலமான அறிவிப்பை அனுப்பியாக வேண்டும். அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து 15 நாள் பணம் கட்ட அவகாசம். அதற்கும் பிறகு ஒரு மாதத்துக்குள் புகார். புகார் தாக்கல் செய்வதில் தாமதம் ஏற்பட்டால் போதிய காரணம் காட்டி மன்னிப்புக் கேட்க வழி இருக்கிறது. அறிவிப்பில் ஏற்படும் தாமதத்துக்கு அந்த வழி இல்லை. காசோலையின் தேதியிலிருந்து மூன்று மாதம் முடியாமல் இருந்தால் மட்டும், அதை மீண்டும் வங்கியில் போட்டு, திரும்பி வந்த பிறகு புதிய அறிவிப்பு அனுப்பலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2012-இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. லாத்தாவின் காசோலைக்கு அந்த மூன்று மாதமும் கடந்திருந்தது. எனக்கு இருந்தது செவ்வாயும் புதனும் மட்டுமே. கடைசி நாளை நான் ஒருபோதும் என் கணக்கில் சேர்ப்பதில்லை. மழை, பேருந்து மறியல், கணினிக் கோளாறு என்று அந்த ஒரு நாளைத் தின்றுவிடக் காத்திருப்பவை பல.

பத்து மணிக்கு ராமேஸ்வரம் தபால் நிலையத்தில், வியாபாரியின் கடை முகவரிக்கும் வீட்டு முகவரிக்கும் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பிறகு அதே ஆண்டில் பதிவுத் தபாலை விரைவு அஞ்சலோடு இணைத்துவிட்டார்கள் என்றாலும், ரசீதின் தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்க்கும் பழக்கத்தை நான் விடவில்லை. அந்த ரசீதை உடனே படமெடுத்து லாத்தாவின் மகளுக்கு அனுப்பினேன். வெப்பத்தில் அச்சு மறைந்துபோகும் ரசீதுகளை நம்பி இரண்டு வருடம் காத்திருக்க முடியாது.

பையனை 11 மணிக்கு மேல் நடுவர் முன் நிறுத்தினார்கள். அவன்மீது போடப்பட்ட பிரிவுகள் ஏழாண்டுக்கு உட்பட்ட தண்டனை உடையவை. அத்தகைய வழக்குகளில் கைது தேவைதானா என்பதைக் காவல்துறை முதலில் ஆராய வேண்டும் என்பதையும், நேரில் ஆஜராகும்படி அறிவிப்புக் கொடுப்பதே போதுமானதாக இருக்கலாம் என்பதையும் உச்ச நீதிமன்றம் 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் வலியுறுத்தியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அந்த அறிவிப்பு 35(3)-ஆவது பிரிவில் இருக்கிறது. இதை எடுத்துச் சொல்லி ரிமாண்டை, அதாவது அவனைக் காவலில் வைப்பதை, எதிர்த்தேன். கரையில் மீண்டும் மோதல் ஏற்படும் என்ற அச்சத்தைக் காவல்துறை காரணமாகச் சொன்னது. நடுவர் இரு தரப்பையும் கேட்டு, காரணத்தைப் பதிவுசெய்து, 15 நாள் நீதிமன்றக் காவலுக்கு உத்தரவிட்டு, ஜாமீன் மனுவை மறுநாள் விசாரிப்பதாகச் சொன்னார். பையனின் இடது முழங்கையில் இருந்த வெட்டுக் காயத்தை மட்டும் ரிமாண்டு உத்தரவிலேயே பதிவுசெய்யும்படி கேட்டுக்கொண்டேன், அதை அவர் செய்தார். அன்றே பதிவாகாத காயம் ஆறு மாதம் கழித்து நம் வாயால் சொல்லும் கதையாக மட்டுமே நிற்கும்.

வெளியே அவன் அம்மா நின்றிருந்தார். உத்தரவின் ஆங்கிலச் சொற்கள் அவருக்கு எதையும் சொல்லவில்லை. 15 நாள் என்ற சொல் மட்டும் காதில் விழுந்து அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அருகில் உட்கார்ந்து, இன்று என்ன நடக்கும், மருத்துவப் பரிசோதனை எங்கே, இரவு எங்கே தூங்குவான், நாளை எத்தனை மணிக்கு மனு வரும், 15 நாள் என்பது ஏன் தண்டனை ஆகாது என்பதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். பேருந்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்தப் பத்து நிமிடத்தை எந்த நாளிலும் நான் சுருக்குவதில்லை. நீதிமன்றத்தில் என்ன நடந்தது என்பதை வக்கீல் சொல்லாவிட்டால், வாசலில் நிற்கும் வேறு யாராவது தவறாகச் சொல்லுவார்கள். பிறகு ஜாமீன்தார்களைப் பற்றிப் பேசினோம். இருவர் வேண்டும். பையனின் சித்தப்பாவும் தாய்மாமனும் வருவார்கள், ஆனால் செவ்வாய் நாட்டுப்படகு நாள் என்பதால் இருவருமே கடலில் இருந்தார்கள். அன்றைக்கே ஜாமீன் கிடைத்திருந்தாலும் கையெழுத்திட ஆள் இல்லாமல் அவன் அந்த இரவு உள்ளேதான் இருந்திருப்பான்.

பேருந்தில் ராமநாதபுரம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. ஜன்னலோரத்தில் உட்கார்ந்து கேஸ் கட்டைப் பிரித்தேன். பாம்பன் பாலத்தில் காற்று அடிக்கும்போது தாள்கள் பறக்கும் என்பதால், கட்டின் நடுவில் நூல் கோத்துத்தான் வைத்திருப்பேன். குண்டூசியும் ஸ்டேப்ளர் கம்பியும் எங்கள் உப்புக் காற்றில் ஒரே வருடத்தில் துருப்பிடித்து, தாளில் ஓட்டை போட்டு, கையெழுத்தின் மேலேயே கறை படியவைக்கும். மூலப் பத்திரங்களைக் காப்பாற்றுவதாக நினைத்து லேமினேஷன் செய்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். தாளின் வயதையும் மையையும் கைரேகையையும் நிபுணர் பரிசோதிக்க வேண்டி வந்தால் அந்தப் பிளாஸ்டிக் உறை பெரிய தடையாகிவிடும். தரமான காகித உறையில் போட்டு, ஈரம் படாத இடத்தில் வைத்தால் போதும். மூலப் பத்திரங்களை நான் என் அலுவலகத்தில் வைத்துக்கொள்வதில்லை. நகல் எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிவிடுவேன். தாக்கல் செய்ய வேண்டிய நாளில் அவர்களே கொண்டுவருவார்கள்.

பாகப்பிரிவினை வழக்கு உச்சிப்புளிப் பக்கத்தில் உள்ள ஒரு தென்னந்தோப்பைப் பற்றியது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை என்பதைத் தமிழ்நாடு 1989-இலேயே சட்டமாக்கியது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் திருமணமான மகள்களை அது விலக்கிவைத்தது. 2005 செப்டம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்பதை 2020 ஆகஸ்ட் 11-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. என் கட்சிக்காரரான அக்காவுக்கு ஆகவே பங்கு உண்டு என்பதில் சிக்கல் இல்லை. சிக்கல், அவர் தன் பங்கை விட்டுக்கொடுத்ததாக அவருடைய அண்ணன் காட்டிய பதிவு செய்யப்பட்ட விடுதலைப் பத்திரத்தில் இருந்தது. வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து என்று சொல்லி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப்போய் அதை வாங்கியதாக அக்கா சொல்கிறார்.

அவர் முதன்முதலாக என்னிடம் வந்தபோது, பங்கு மட்டும் கேட்டால் போதும் என்று நினைத்திருந்தார். பத்திரத்தில் கையெழுத்திட்டவர் அவரே என்பதால், அதை ரத்துசெய்யும்படியும் சேர்த்துக் கேட்டாக வேண்டும். மோசடி தெரியவந்த நாளிலிருந்து அதற்கு மூன்றாண்டுதான் அவகாசம். வில்லங்கச் சான்று எடுத்தபோதுதான் தெரியும் என்றார். அந்தச் சான்றை எந்த நாளில் எடுத்தார் என்று பார்த்தால், மூன்றாண்டு முடிய 41 நாள்கள் மீதி இருந்தன. இரண்டு மாதம் கழித்து அவர் வந்திருந்தால் அவருடைய உண்மை முழுவதும் உண்மையாகவே இருந்தும் பயனற்றுப்போயிருக்கும். சொத்து விஷயமாக யார் வந்தாலும், வில்லங்கச் சான்று, பட்டா, தாய்ப்பத்திரம் ஆகியவற்றோடு, அவற்றை முதன்முதலில் பார்த்த நாள் எது என்பதையும் எழுதிக் கொண்டுவரச் சொல்கிறேன்.

மதியம் 2.45-க்கு வழக்கு அழைக்கப்பட்டது. முந்தைய இரவு 31 கேள்விகள் எழுதி, அவற்றை 12 ஆகக் குறைத்திருந்தேன். பத்திரத்தில், அண்ணன் தன் தங்கையான என் கட்சிக்காரருக்கு 25,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்ததாக எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது, எந்த இடத்தில் கொடுக்கப்பட்டது, எழுத்தர் பத்திரத்தைப் படித்துக் காட்டினாரா, படித்துக் காட்டியபோது யார் யார் இருந்தார்கள் என்று பக்குவமாகக் கேட்டுக்கொண்டு போனேன். எட்டாவது கேள்வியில், பத்திரம் எழுதி முடிந்த பிறகுதான் தங்கை வந்ததாகவும், நேரமாகிவிட்டதால் படித்துக் காட்டவில்லை என்றும் அண்ணன் சொன்னார். நீதிபதி அதை எழுதவைக்கும்வரை நான் வாய் திறக்கவில்லை. மீதி நான்கு கேள்விகளைக் கேட்காமல் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் அமர்ந்திருந்த அக்காவுக்கு நான் இன்னும் சண்டையிடவில்லையே என்று மனக்குறை. வேண்டிய பதில் வந்த பிறகு கேட்கும் அடுத்த கேள்வி, சாட்சி தன்னைத் திருத்திக்கொள்ள நாமே கொடுக்கும் வாய்ப்பாகிவிடும் என்று படிக்கட்டில் இறங்கும்போது அவருக்கு விளக்கினேன்.

பெஞ்ச் கிளார்க்கிடம் அடுத்த வாய்தாவைக் கேட்டுக்கொண்டு, ஒரு சீட்டில் எழுதி அக்காவிடம் கொடுத்தேன். இந்தச் சீட்டுப் பழக்கம் எனக்கு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

தொழிலுக்கு வந்த ஐந்தாவது ஆண்டு அது. ஒரு பனைத் தொழிலாளிக்காக, வரப்புத் தகராறு வழக்கொன்றில் பிரதிவாதி தரப்பில் ஆஜராகியிருந்தேன். எதிருரை, அதாவது பிரதிவாதியின் எழுத்து மூலமான பதில், தாக்கல் செய்ய அழைப்பாணை கிடைத்ததிலிருந்து 30 நாள், நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாள்வரை அவகாசம். கடைசியாகக் கொடுத்த தேதி 13. என் டைரியில் நான் எழுதியது 18. நண்பர்கள் பேசிக்கொண்டிருந்த இரைச்சலில் தவறாகக் கேட்டேனா, கை தவறி எழுதினேனா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. 13 அன்று அழைத்தபோது ஆள் இல்லாததால் எக்ஸ்பார்ட்டி (ஒருதலைப்பட்சம்) ஆக்கி, 17 அன்று தீர்ப்பாணையும் பிறப்பித்துவிட்டார்கள். 18 காலையில் எதிருரையோடு போய் நின்றபோதுதான் எனக்கு அது தெரிந்தது. அந்த மனிதரின் 40 சென்ட் நிலம் என் கையெழுத்தின் ஒரு சுழிப்பில் போயிருந்தது. பேருந்து பிடித்து அவர் ஊருக்கே போனேன். பனையிலிருந்து இறங்கி வந்தவரிடம், தவறு என்னுடையது, உங்களுடையதன்று, 30 நாளுக்குள் ரத்துசெய்யக் கேட்கலாம் என்றேன். மனுவோடு, தேதியைத் தவறாகக் குறித்தது நானே என்று என் சொந்தப் பிரமாணப் பத்திரத்தையும் சேர்த்தேன். 1,500 ரூபாய் செலவுத்தொகை கட்டும் நிபந்தனையில் நீதிமன்றம் தீர்ப்பாணையை ரத்துசெய்தது. அந்தத் தொகையை நான் கட்டினேன். அவர் என்னிடம் கோபமாக ஒரு சொல்லும் பேசவில்லை. "இனிமே தேதிய எனக்கும் எழுதிக் குடுங்கம்மா, எம்மக படிப்பா" என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் சீட்டு கொடுக்கிறேன். நீதிமன்றம், வழக்கு எண், தேதி, கிழமை, அன்று என்ன நடக்கும், நேரில் வர வேண்டுமா வேண்டாமா என்பதைத் தமிழில் எழுதுவேன். தேதியை எண்ணிலும் எழுத்திலும் எழுதி, கிழமையையும் சேர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. 13-ஐ 18 என்று எழுதினால் கிழமை பொருந்தாது, தவறு அங்கேயே கண்ணில் படும். டைரியில் ஒரு பதிவு, கட்சிக்காரரிடம் ஒரு சீட்டு, இரவில் இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கின் 16 இலக்க அடையாளமான சி.என்.ஆர். எண்ணைப் போட்டு ஒரு சரிபார்ப்பு என்று மூன்று இடங்களில் ஒரே தேதி இருக்க வேண்டும். செயலியில் பதிவேற்றம் சில நாள்களில் தாமதமாகும், ஆகவே அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. மூன்றில் ஒன்று மாறியிருந்தால் மறுநாள் காலை முதல் வேலை நீதிமன்ற அலுவலகத்தில் போய்க் கேட்பதுதான்.

மாலை ஏழு மணிக்கு வீட்டு வாசலில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். முதலாமவர் விசைப்படகு உரிமையாளர். வலைத் தகராறு வழக்கில் தன் தரப்பை நான் பார்க்க வேண்டும் என்றார். காலையில் அந்தப் பையனுக்காக வக்காலத்துப் போட்டவள் நான். இந்த வழக்கில் உங்களுக்கு ஆஜராக என்னால் முடியாது, வேறு நல்ல வக்கீலைப் பாருங்கள் என்று சொல்லி, அவர் விவரம் சொல்லத் தொடங்கும் முன்பே நிறுத்திவிட்டேன். அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு மறுப்பது இன்னும் பெரிய தவறு. கேட்டது மனதில் தங்கிவிடும். அவருடைய அப்பாவும் என் அப்பாவும் ஒரே கரையில் இருந்தவர்கள் என்பதால் அவர் முகம் வாடியது எனக்கும் வலித்தது. ஒரே ஊரில் பிறந்து அங்கேயே தொழில் செய்யும் வக்கீலுக்கு இந்த வலி அடிக்கடி வரும்.

இரண்டாமவர் ஒரு தங்கை, 34 வயது. அவருடைய கணவர் 2018 ஆகஸ்டில் வத்தையில் (சிறு படகில்) தனியாகக் கடலுக்குப் போனார். மூன்றாம் நாள் வத்தை மட்டும் ஆளில்லாமல் கரை ஒதுங்கியது. உடல் கிடைக்கவில்லை. இலங்கைப் பக்கம் ஒதுங்கிப் பிடிபட்டிருப்பார் என்ற நம்பிக்கையில் அவர் மூன்று மாதம் கழித்துத்தான் காவல்துறையில் புகார் கொடுத்தார். இறப்புச் சான்று இல்லாமல் கைம்பெண் உதவித்தொகையும் கிடைக்கவில்லை, கணவர் பெயரில் இருக்கும் வீட்டையும் மாற்ற முடியவில்லை. ஏழாண்டுக் காலம் ஒருவரைப் பற்றி, இயல்பாகத் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே எந்தத் தகவலும் இல்லையென்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை மெய்ப்பிக்க வேண்டும் என்பது சட்டம். உடன் போனவர்கள் படகு கவிழ்ந்ததைக் கண்ணால் பார்த்திருந்தால் ஏழாண்டு காத்திருக்காமல் அந்தச் சாட்சியத்தைக் கொண்டே இறப்பை மெய்ப்பிக்க முயன்றிருக்கலாம். இவருக்குச் சாட்சி யாரும் இல்லை. ஏழாண்டைப் புகார் கொடுத்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்ததால் நவம்பர்வரை காத்திருக்க நினைத்திருந்தார். கடைசியாக அவரைப் பற்றித் தகவல் இருந்த நாளிலிருந்தே எண்ண வேண்டும், ஆகவே அவர் இறந்துவிட்டதாக நீதிமன்றம் அறிவிக்கும்படி கேட்கும் விளம்புகை வழக்கைச் செப்டம்பரில் தாக்கல் செய்யலாம் என்றேன். அதற்குள் முதல் தகவல் அறிக்கையின் நகல், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற காவல்துறையின் இறுதி அறிக்கை, வத்தையை முதலில் கண்டவரின் வாக்குமூலம் ஆகியவற்றைச் சேகரிக்க வேண்டும். வத்தையைக் கண்டவர் இப்போது கேரளப் படகுகளில் வேலை செய்கிறார். அவர் எந்தப் பண்டிகைக்கு ஊருக்கு வருவார் என்பதை விசாரித்துச் சொல்லும்படி கேட்டேன். கரையில் தொழில் செய்கிற குடும்பங்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். ஆள் திரும்பவில்லையென்றால், நம்பிக்கையை விட வேண்டாம், ஆனால் புகாரை அன்றே கொடுத்துவிடுங்கள்.

பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி பெற 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் உரிமை இருக்கிறது, 15100 என்ற எண்ணில் அழைத்தாலே வழி சொல்லுவார்கள் என்பதையும் தெரிவித்தேன். என்னிடம் வந்தவரை இன்னொரு இடத்துக்கு அனுப்பினால் வருமானம் போய்விடுமே என்று தொடக்க காலத்தில் இதைச் சொல்லத் தயங்கியிருக்கிறேன். அந்தத் தயக்கம் சரியன்று. அவர் நானே நடத்த வேண்டும் என்றார். கட்டணத்தை மூன்று தவணையாக எழுதி ஒரு படியை அவரிடம் கொடுத்தேன். வழக்குரையில் என்ன எழுதப்போகிறேன் என்பதைப் படித்துக் காட்டினேன். "என் கணவர் இறந்துவிட்டார் என்று விளம்பும்படி" என்ற வரி வந்ததும் அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். நான் தாளை மடித்து வைத்துவிட்டேன். செப்டம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது, அந்த வரியை இன்று கேட்க வேண்டியதில்லை என்றேன். சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, சீட்டை வாங்கிக்கொண்டு போனார்.

ஒன்பதரைக்குப் பையனின் சித்தப்பா கரை திரும்பிய செய்தி வந்தது. அவரை அழைத்து, நாளைக் காலை பத்து மணிக்குத் தாய்மாமனையும் கூட்டிக்கொண்டு, ஆதார், குடும்ப அட்டை, இந்த ஆண்டு வீட்டு வரி ரசீது ஆகியவற்றின் மூலத்தோடும் இரண்டு நகல்களோடும் நீதிமன்றத்துக்கு வரும்படி சொன்னேன். வீட்டு வரி ரசீது அண்ணன் பெயரில் இருக்கிறதே என்றார். அப்படியானால் தாய்மாமனின் ரசீதைப் பாருங்கள், உங்களுக்குப் பதிலாகச் சொந்தப் பெயரில் ரசீது வைத்திருக்கும் வேறு உறவினர் யார் என்று இன்றிரவே கேட்டுவையுங்கள் என்றேன். நாளைக்குப் புதன்தானே அம்மா, விசைப்படகு நாள், நாங்க எல்லாரும் கரையிலதான் இருப்போம் என்றார். டைரியில் 25 என்றும் இருபத்தைந்து என்றும் புதன் என்றும் எழுதி, அதன் கீழே இரண்டு ஜாமீன்தார்களின் பெயரையும், பெயர் தெரியாத மூன்றாமவருக்கு ஒரு வெற்று வரியையும் விட்டு வைத்தேன்.